பிடிச்ச பேண்டோட புதுப் பாட்டு பிடிக்கலன்னா? ஒரு கோல்ட்ப்ளே ரசிகையின் கணக்கு

(எபிசோட் 38. பேசினதை வாசிக்கத் தோதா கொஞ்சம் சுருக்கித் தொகுத்திருக்கோம்.)

இன்னிக்கு டெக் கிடையாது. ஆபீஸ், அப்ரைசல், இன்டர்வியூ டிப்ஸ் எதுவும் கிடையாது. கொஞ்ச நாளா மனசுல ஓடிட்டிருக்கிற ஒரு விஷயத்தைப் பேசலாம்னு இருக்கேன்.

ஒரு காலத்துல உங்களுக்கு உயிரா இருந்த ஒரு பேண்ட் புது ஆல்பம் போடுது. ஹெட்போன் மாட்டிக்கிட்டு உட்கார்றீங்க. பாட்டு ஓடுது, முடியுது. உள்ள ஒண்ணுமே நடக்கல. கோபம்கூட வரல. கோபம் வந்தாலாவது இன்னும் ஒட்டு இருக்குன்னு அர்த்தம். இது அதுக்கும் அடுத்த கட்டம்: "ம்ம், நல்லாத்தான் இருக்கு"ன்னு சொல்லிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போயிடறோம்.

நம்ம ஊருக்கு இது புதுசு இல்ல. ரஹ்மானோட புதுப் படப் பாட்டு வந்தா "பழைய ரஹ்மான் எங்கப்பா?"ன்னு கேட்க வீட்டுக்கு ஒரு சித்தப்பா இருக்கார். அவருக்கு முன்னாடி ராஜா சாரைப் பத்தி அதே கேள்வியை வேற ஒரு சித்தப்பா கேட்டிருப்பார். எனக்கு அந்தச் சித்தப்பா ஆக விருப்பமில்ல. அதனாலதான் இந்த எபிசோட். எனக்கு என்ன ஆச்சு, அந்த பேண்டுக்கு என்ன ஆச்சு, ரெண்டையும் தனித்தனியா பிரிச்சுப் பார்க்கலாம்னு ஒரு முயற்சி.

பேண்ட் பேரு கோல்ட்ப்ளே. சிரிக்காதீங்க. ராக் கேட்கிறவங்க நிறைய பேர் கோல்ட்ப்ளேயை ராக்னே ஒத்துக்க மாட்டாங்கன்னு தெரியும். அந்தச் சண்டையை இன்னொரு நாள் வெச்சுக்கலாம்.

முதல்ல எது பிடிச்சுது?

தெரியாதவங்களுக்குச் சுருக்கமா: லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ்ல 1990கள் கடைசியில சந்திச்ச நாலு பசங்க. பாட்டும் பியானோவும் கிறிஸ் மார்ட்டின், கிட்டார் ஜானி பக்லேண்ட், பேஸ் கை பெரிமேன், டிரம்ஸ் வில் சாம்பியன். முதல் ஆல்பம் 'பாரசூட்ஸ்' 2000-ல வந்தது, ரெண்டாவது 'எ ரஷ் ஆஃப் ப்ளட் டு த ஹெட்' 2002-ல. இன்னிவரைக்கும் அதே நாலு பேர்தான். இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆள் மாறாத பேண்ட் ரொம்ப அபூர்வம்.

அந்த ரெண்டாவது ஆல்பத்துல 'க்ளாக்ஸ்'னு ஒரு பாட்டு இருக்கு. பியானோ ஆரம்பிக்கிற விதத்தைக் கவனிங்க. எட்டு சின்ன அடியை மூணு, மூணு, ரெண்டுன்னு பிரிச்சு வாசிக்கிறாங்க. நம்ம கணக்குல சொன்னா தகிட தகிட தக. கீழ டிரம்ஸ் நேரா நாலு அடியில போகும், மேல பியானோ இப்படி வழுக்கிட்டே போகும். அதனால அந்தப் பாட்டு ஓடிட்டே இருக்கிற மாதிரியும், எங்கயோ நின்னு தவிக்கிற மாதிரியும் ஒரே நேரத்துல தோணும். பெரும்பகுதி வர்ற ஸ்கேலுக்கு அங்க மிக்ஸோலிடியன்னு பேர், நம்ம ஹரிகாம்போதியோட அதே ஸ்வரங்கள். நிஷாதம் ஒரு படி கீழ இருக்கறதால ஸட்ஜமத்துல வந்து "முடிஞ்சுது"ன்னு உட்கார்ற நிம்மதி கிடைக்காது. சின்ன வயசுல நாலு வருஷம் பாட்டு கிளாஸுக்கு இழுத்துட்டுப் போன அம்மாவுக்கு நன்றி, இது எனக்குக் காதுல பிடிபட்டுச்சு.

அடுத்து 2005-ல வந்த 'ஃபிக்ஸ் யூ'. நடிகை க்வினெத் பேல்ட்ரோவோட அப்பா இறந்த துக்கத்துல இருந்து வந்த பாட்டு அது, கிறிஸ் மார்ட்டின் அப்போ அவங்களோட கணவர். ஆரம்பத்துல சர்ச் ஆர்கன் மாதிரி ஒரு சத்தம், மேல ஒத்தைக் குரல், அவ்வளவுதான். பாதிப் பாட்டு தாண்டித்தான் கிட்டார் எழும்பும், டிரம்ஸ் முழுசா இறங்கும், கடைசியில நாலு பேரும் சேர்ந்து பாடுவாங்க. அந்தக் கிட்டாருக்காக ரெண்டரை நிமிஷம் உங்களைக் காக்க வெப்பாங்க. ஆறுதல் சொல்றதுக்கு முன்னாடி துக்கத்தோட உட்கார்ந்திருப்பாங்க.

எனக்கு அந்த உட்கார்ந்திருக்கிற ரெண்டரை நிமிஷம்தான் கோல்ட்ப்ளே.

நான் இன்ஜினியரிங் படிச்சது லேடீஸ் ஹாஸ்டல்ல தங்கி. ஆறரை மணிக்கு கேட் பூட்டிடுவாங்க. பாய்ஸ் ஹாஸ்டல்ல பத்து மணிக்கு டீக்கடைக்குப் போயிட்டு வருவாங்க, நாங்க ஜன்னல் வழியா பார்ப்போம். ஒரு ரூமுக்கு மூணு பேர். தனியா இருக்கணும்னா இயர்போன் மாட்டிக்கிட்டா மட்டும்தான் முடியும். அதுக்குள்ள ஒரு ஆள் வந்து, "எனக்கும் எதுவும் புரியல"ங்கிற தொனியில பாடினா எப்படி இருக்கும்? பாரசூட்ஸ் முழுக்க அப்படித்தான். பக்கத்துக் கட்டில்ல இருந்து யாரோ மெதுவா பேசற அளவு சத்தம்.

பக்கத்துக் கட்டில்ல நிஜமாவே ஒருத்தி இருந்தா. என் ரூம்மேட். அவளைப் பத்தி அப்புறம் வரேன்.

எங்க மாறுச்சு?

"பணத்துக்காக மாறிட்டாங்க"ன்னு ஒரே வரியில முடிச்சிடலாம். இன்டர்நெட்ல பாதி பேர் அப்படித்தான் முடிக்கிறாங்க. எனக்கு அந்தக் கணக்கு இடிக்குது. ஏன்னா கோல்ட்ப்ளே எப்பவுமே மாறிட்டுத்தான் இருந்திருக்கு. அதுலயும் பெரிய மாற்றம் 2008-ல 'விவா லா விடா'ல நடந்துச்சு. டேவிட் போவி, யூ2 கூட வேலை செஞ்ச பிரையன் ஈனோவை தயாரிப்புக்குக் கூட்டிட்டு வந்தாங்க. அந்த டைட்டில் பாட்டுல பாட்டையே தூக்கிட்டுப் போறது வயலின் கூட்டம்தான், கூடவே மணிச் சத்தம். ஆட்சி போன ஒரு ராஜா பேசற பாட்டு. பழைய கோல்ட்ப்ளேவுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. ஆனா எனக்கு உயிர். அதனால மாறினதே குத்தம்னு நான் சொல்ல முடியாது.

அப்போ வேற என்ன? எனக்குத் தோணறது, கேட்கிற ஆள் யாருன்னு அவங்க மனசுல இருந்த படம் மாறிடுச்சு.

2012-ல 'மைலோ ஸைலோட்டோ' டூர்ல ஒரு விஷயம் கொண்டு வந்தாங்க: உள்ள வர்ற எல்லாருக்கும் கையில ஒரு பட்டை. ரேடியோ சிக்னல்ல இயங்குற எல்இடி. பாட்டுக்குத் தகுந்த மாதிரி மொத்த ஸ்டேடியமும் ஒரே நேரத்துல மஞ்சளாகும், சிவப்பாகும். இன்ஜினியரா சொல்றேன், அருமையான ஐடியா. அதுவரைக்கும் கூட்டம் மேடையைப் பார்த்துட்டிருந்துச்சு, அதுக்கப்புறம் கூட்டமே காட்சி ஆயிடுச்சு.

ஆனா அப்படி ஒரு மேடை கையில இருந்தா அதுக்கேத்த பாட்டைத்தானே எழுதத் தோணும்? அம்பதாயிரம் பேர் ஒரே நேரத்துல குதிக்கணும்னா பியானோ வழுக்கக் கூடாது, அடி நேரா விழணும். ரெண்டரை நிமிஷம் காக்க வெக்க முடியாது. சந்தேகப்படற பாட்டைக் கூட்டமா பாடறதும் கஷ்டம். "நாம எல்லாரும் ஒண்ணு, எல்லாம் அன்பு"ன்னு பாடறது சுலபம்.

2021-ல 'ம்யூசிக் ஆஃப் த ஸ்பியர்ஸ்' வந்தது. தயாரிப்பு மேக்ஸ் மார்ட்டின். பிரிட்னி ஸ்பியர்ஸ், பேக்ஸ்ட்ரீட் பாய்ஸ் காலத்துல இருந்து ஹிட் மேல ஹிட் கொடுத்த ஸ்வீடன்காரர். பன்னிரண்டு டிராக்குல அஞ்சுக்குப் பேரே கிடையாது, இமோஜிதான். பிடிஎஸ் கூட சேர்ந்து பண்ண 'மை யூனிவர்ஸ்' நேரா அமெரிக்க பில்போர்டு ஹாட் 100-ல முதல் இடத்துல இறங்குச்சு. அந்தப் பாட்டு எடுத்த எடுப்புல கோரஸ்லயே ஆரம்பிக்குது. காக்க வெக்கிற பேச்சே இல்ல. ஸ்பாட்டிஃபைல 30 விநாடி கேட்டாத்தான் ஒரு ஸ்ட்ரீம்னு கணக்கு, அதனால இப்போ யாருக்குமே காக்க வெக்கத் தைரியம் இல்லன்னும் வெச்சுக்கலாம்.

நியாயமா இன்னொண்ணும் சொல்லணும். அதே ஆல்பத்தோட கடைசிப் பாட்டு 'கொலராட்டுரா' பத்து நிமிஷத்துக்கும் மேல ஓடும். அவசரமே படாது. பியானோ, வீணை மாதிரி மீட்டற ஹார்ப், நடுவுல பக்லேண்டோட கிட்டார். அதைக் கேட்டப்போ கண்ணு கலங்கிடுச்சு. அதே மாதிரி 2019-ல வந்த 'எவ்ரிடே லைஃப்'. அதை ஜோர்டான் நாட்டு அம்மான்ல ஒரு தடவை சூரியன் உதிக்கும்போதும் ஒரு தடவை மறையும்போதும் வாசிச்சாங்க. சுற்றுச்சூழலுக்கு ஆகாதுன்னு சொல்லி அந்த ஆல்பத்துக்கு டூர் போகல. பாருங்க, ஸ்டேடியம் மனசுல இல்லாத ஆல்பம் மறுபடியும் சின்ன ரூமுக்குள்ள வந்துடுச்சு! ஒரு சாம்பிளை வெச்சு நிரூபிச்சேன்னு சொல்ல மாட்டேன். ஆனா என் தியரிக்கு ஒத்து வருது.

இல்ல, எனக்கு வயசாயிடுச்சா?

இந்தக் கேள்வியைத் தாண்டிட்டுப் போனா நான் அந்தச் சித்தப்பாவேதான். மனநல ஆராய்ச்சியில 'ரெமினிசன்ஸ் பம்ப்'னு ஒண்ணு சொல்றாங்க. பத்து வயசுல இருந்து முப்பதுக்குள்ள நடந்தது மத்த காலத்தைவிட ஆழமா பதியும், அந்தக் காலத்துப் பாட்டும் அப்படித்தான். அப்போ பதினேழு வயசுல நான் எதைக் கேட்டிருந்தாலும் அதுதான் உலகத்துலயே சிறந்த பேண்டா?

இதுக்கு என்கிட்ட ரெண்டு சின்ன டெஸ்ட் கேஸ் இருக்கு. ஒண்ணு, நான் பாரசூட்ஸ் வந்தப்போ கேட்கல. 2000-ல நான் எல்கேஜி. பதினைஞ்சு வருஷம் கழிச்சுத்தான் காதுக்கு வந்துச்சு. எனக்குச் சரியா அந்த வயசுல, அதாவது நான் காலேஜ் முதல் வருஷம் இருந்தப்போ, 2015 டிசம்பர்ல வந்தது 'எ ஹெட் ஃபுல் ஆஃப் ட்ரீம்ஸ்'. மும்பையில எடுத்த 'ஹிம் ஃபார் த வீக்எண்ட்' வீடியோ இருக்கே, அந்த ஆல்பம். வயசு மட்டும்தான் காரணம்னா எனக்கு அதுதான் உயிரா இருக்கணும். இல்ல.

ரெண்டாவது, என் அத்தை பொண்ணு. பதினாறு வயசு. பிடிஎஸ் வழியா கோல்ட்ப்ளேவுக்கு வந்தவ. அவ ப்ளேலிஸ்ட்ல 'மை யூனிவர்ஸ்'க்குப் பக்கத்துலயே 2000-ல வந்த 'ஸ்பார்க்ஸ்' இருக்கு. ரீல்ஸ்ல கேட்டாளாம். "இது என்னக்கா, யாரோ காதுகிட்ட பாடற மாதிரி இருக்கு?"ன்னு கேட்டா. நான் எதுவும் சொல்லிக் கொடுக்கல, சத்தியமா.

அதனால கொஞ்சம் வயசு, கொஞ்சம் நிஜமாவே பாட்டுல இருக்கிற வித்தியாசம். எவ்வளவு சதவீதம்னு கேட்காதீங்க.

டிக்கெட்

இப்போ ரூம்மேட் கதை. நாங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான் இந்த பேண்டைக் கண்டுபிடிச்சோம். ஒரே இயர்போன், ஆளுக்கு ஒரு காது. எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்துச்சு. புது ஆல்பம் வந்தா ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ப்ளே அமுக்கணும், முடியற வரைக்கும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. வேலை கிடைச்சு அவ சென்னை, நான் பெங்களூருன்னு ஆனப்புறமும் விடல. 2019, 2021, ரெண்டு தடவையும் போன்லயே எண்ணி, மூணு சொன்னதும் அமுக்கினோம்.

2024 அக்டோபர் 4-ம் தேதி பத்தாவது ஆல்பம் 'மூன் ம்யூசிக்' வந்தது. மூணு சொன்னோம், அமுக்கினோம். பாதியில நான் நிறுத்திட்டேன். போர் அடிச்சுதுன்னுகூடச் சொல்ல முடியாது, நான் அங்க தேவையே இல்லாத மாதிரி இருந்துச்சு. அவ முடிச்சுட்டு "எப்படி?"ன்னு மெசேஜ் பண்ணா. "நான் நிறுத்திட்டேன்டீ"ன்னு போட்டேன். ரெண்டு ப்ளூ டிக். பதில் இல்ல.

நவம்பர்ல அகமதாபாத் ஷோவுக்கு டிக்கெட் போட்டாங்க. வரிசையில லட்சத்துல நம்பர். அவளுக்கு எப்படியோ ரெண்டு கிடைச்சுது. உடனே எனக்கு போன். "வரியா?"

நான் யோசிச்சேன். பிளைட், ரூம் எல்லாம் சேர்த்து ஒரு மாச வாடகைக்கு மேல வரும். காசைவிட எனக்கு உறுத்தினது வேற: அங்க போனா நான் நாலு பழைய பாட்டுக்காகக் காத்துட்டு நிப்பேன். மத்த நேரம் அவ குதிக்கும்போது பக்கத்துல நானும் குதிக்கிற மாதிரி நடிக்கணும். பத்து வருஷப் பழக்கம், அவ ஒரு நொடியில கண்டுபிடிச்சிடுவா. "வரலடீ"ன்னேன். காரணத்தையும் சொன்னேன், இப்போ உங்ககிட்ட சொன்ன இதே லெக்சர். அடி நேரா விழுது, காக்க வெக்கிறதில்ல, சந்தேகமே இல்ல, எல்லாம் அன்புன்னு முடிச்சிடறாங்கன்னு.

அவ முழுசாக் கேட்டா. அப்புறம் சொன்னா: "எனக்கு இப்போ அதுதான்டீ வேணும்."

அவ அப்பாவுக்கு ரெண்டு வருஷமா டயாலிசிஸ். வாரத்துக்கு மூணு நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். வீட்டுல அவ ஒருத்திதான் சம்பாதிக்கிறா. லேப்டாப்பை மடியில வெச்சுக்கிட்டு ஆஸ்பத்திரி பெஞ்சுல உட்கார்ந்து ஸ்டாண்ட்-அப் மீட்டிங் அட்டெண்ட் பண்றவ. இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனா அதையும் பாட்டையும் நான் சேர்த்துப் பார்த்ததில்ல. "சந்தேகம், தவிப்பு எல்லாம் எனக்கு வீட்டுலயே இருக்கு. பாட்டுலயும் எதுக்கு? யாராவது சத்தமா, பெருசா, எல்லாம் சரியாயிடும்னு சொல்லட்டும். பொய்யா இருந்தாலும் பரவால்ல"ன்னா.

என்கிட்ட அதுக்குப் பதில் இல்ல. இப்பவும் இல்ல.

2025 ஜனவரி 25-ம் தேதி அவ தம்பியைக் கூட்டிட்டுப் போனா. அடுத்த நாள் ஷோவை ஹாட்ஸ்டார்ல லைவா போட்டாங்க, நான் வீட்டுல உட்கார்ந்து பார்த்தேன். ஒரு லட்சத்துக்கும் மேல கூட்டம். கையில பட்டை ஒளிர, மொத்த ஸ்டேடியமும் மஞ்சளா மாறினப்போ அழகாத்தான் இருந்துச்சு. அப்பவும் புதுப் பாட்டு எதுவும் எனக்குள்ள இறங்கல. ஆனா கேமரா கூட்டத்துப் பக்கம் திரும்பும்போதெல்லாம் நான் பாட்டை விட்டுட்டு முகங்களைப் பார்த்தேன். இதுல எத்தனை பேர் எந்த பெஞ்சுல இருந்து எழுந்து வந்தாங்களோன்னு.

திரும்பி வந்ததும் எப்படி இருந்துச்சுன்னு அவகிட்ட கேட்டேன். எந்தப் பாட்டைப் பத்தியும் பேசல. "ரெண்டு மணி நேரம் யாருமே என்கிட்ட எதுவும் கேட்கலடீ"ன்னா.

சரி, இப்போ என்ன பண்றது?

இப்படி ஒரு பேண்ட் உங்களுக்கும் இருந்தா நான் கத்துக்கிட்ட மூணு விஷயம் சொல்றேன்.

ஒண்ணு: பிடிக்காததைப் பிடிச்ச மாதிரி கேட்டுட்டே இருக்க வேண்டியதில்ல. சாஃப்ட்வேர்ல பழைய வெர்ஷனுக்கு சப்போர்ட் நிறுத்திட்டா நமக்கு வேற வழியில்ல, அப்டேட் பண்ணியே ஆகணும். பாட்டுல அப்படி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. பாரசூட்ஸ் நாளைக்கும் அதே 2000-ல இருந்த மாதிரியே ஓடும்.

ரெண்டு: "எனக்கு ஒட்டல" வேற, "மோசம்" வேற. ஒட்டாததுக்குக் காரணம் தேடுங்க, அடி, ஸ்கேல், தயாரிப்புன்னு உள்ள போய்ப் பாருங்க, எனக்கு அதுல நிறைய சந்தோஷம் கிடைச்சுது. ஆனா நீங்க கண்டுபிடிக்கிற காரணம் உங்க காதுக்கான காரணம். பக்கத்துல இருக்கிறவங்க காதுக்கு வேற வேலை இருக்கலாம்.

மூணு: பாட்டு வழியா வந்த ஆளைப் பாட்டோட சேர்த்துக் கழட்டி விட்டுடாதீங்க. மொத்தம் பன்னிரண்டு ஆல்பத்தோட நிறுத்திக்குவோம்னு கிறிஸ் மார்ட்டின் சொல்லியிருக்கார். பத்து வந்தாச்சு. மிச்சம் ரெண்டுக்கும் நாங்க மூணு எண்ணி ப்ளே அமுக்கப் போறதில்ல. இப்போ வேற வழக்கம்: ஞாயித்துக்கிழமை ராத்திரி ஆளுக்கு ஒரு பாட்டு அனுப்பிக்கிறோம், எந்த மொழி, எந்த வருஷம் வேணா இருக்கலாம். போன வாரம் அவ அனுப்பினது ஒரு பக்கா குத்துப் பாட்டு. நான் அனுப்பினது எட்டு நிமிஷ பியானோ. "தூங்கிட்டேன்டீ"ன்னு ரிப்ளை வந்துச்சு. டயாலிசிஸ் நாள் முடிஞ்ச ராத்திரி அவ தூங்கினா எனக்கு அது போதும்.

அவ்வளவுதான் மக்களே. உங்களுக்கும் இப்படி ஒரு பேண்டோ, ஒரு இசையமைப்பாளரோ இருந்தா எழுதுங்க. எந்த ஆல்பத்துல, எந்தப் பாட்டுல விட்டுப்போச்சுன்னு குறிப்பாச் சொல்லுங்க, "பழசு மாதிரி இல்ல"ன்னு பொதுவா எழுதினா சித்தப்பா லிஸ்ட்ல சேர்த்துடுவேன். நல்ல பதில்களை அடுத்த மாசம் ஒரு எபிசோட்ல வாசிக்கிறேன்.

அடுத்த வாரம் மறுபடியும் டெக்: ஆன்-கால் வாரத்துல எப்படித் தூங்கறது. அதுவரைக்கும் டாட்டா, பை பை.